மூன்று நாள் ஆசிரியரும் ஐந்து நாள் பொறுப்புகளும்

இலங்கை அரச பாடசாலைகளில் நிரந்தர ஆசிரியருக்குப் பகுதிநேர நியமனம் கிடையாது. ஆனாலும் ஆசிரியரின் நாட்கள் குறைவது வன்னியில் வருடா வருடம் நடக்கிற காரியம். மல்லாவியில் படிப்பிக்கிற கணித ஆசிரியரை வாரத்தில் இரண்டு நாள் உள்ளுக்குள் இருக்கும் சின்னப் பாடசாலை ஒன்றுக்கு இணைப்புச் செய்வார்கள். சங்கீதம், நடனம், ஆங்கிலம், தகவல் தொழினுட்பம் போன்ற பாடங்களுக்குக் கோட்டத்தில் இருக்கிற ஒன்றிரண்டு பேரையே பல பாடசாலைகளுக்குப் பிரித்துக் கொடுப்பதும் உண்டு. பிரசவ விடுமுறை முடிந்து வருபவர் பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகும்வரை ஒரு மணித்தியாலம் முந்திப் போகலாம். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஊர்ப் பாடசாலைக்குத் தன் விருப்பத்தில் இரண்டு, மூன்று நாள் வந்து உயர்தர வகுப்பு எடுப்பார்.

இவர்களுக்கெல்லாம் நேரசூசி புதிதாக எழுதப்படும். பொறுப்புப் பட்டியலை யாரும் தொடுவதில்லை. வருடத் தொடக்கத்தில் ஒட்டியபடியே அது ஆசிரியர் அறைச் சுவரில் இருக்கும்: ஆய்வுகூடம், பாடநூல், 9ஆம் தர வகுப்பாசிரியர், சாரணர், பரீட்சைப் பிரிவு என்று. நாள் ஐந்திலிருந்து மூன்றாகிவிடும். பெயர் அப்படியே ஐந்து இடத்தில் நிற்கும். கேட்டால், "நீங்கள் தானே இவ்வளவு நாளும் செய்தனீங்கள், இருக்கிற நாளில் பாருங்கோவன்" என்பார்கள். அன்பாகச் சொல்லப்படும் இந்த வார்த்தையில்தான் பிறகு வரும் எல்லாச் சிக்கலும் தொடங்குகிறது.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடவேளையை நாள் கணக்கில் குறைக்கலாம். பொறுப்பை அப்படிக் குறைக்க முடியாது. ஒவ்வொரு பொறுப்பாக எடுத்து, அது எப்படி ஓடுகிறது என்று பார்த்து, முழுதாக வைத்திருப்பதா முழுதாகக் கையளிப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். பாதியை வைத்துக்கொண்டு மீதியை யாரோ பார்ப்பார்கள் என்று விட்டால், பொருள் தொலையும், பதிவு பிழைக்கும், கடைசியில் விளக்கக் கடிதம் அந்த மூன்று நாள் ஆசிரியரின் பெயருக்கே வரும்.

சம்பளத்தைப் பொறுத்தவரை எங்களிடம் பேச அதிகம் இல்லை. பகுதித் தலைவர், ஆய்வுகூடப் பொறுப்பு, நூலகப் பொறுப்பு எதற்கும் இங்கே தனிக் கொடுப்பனவு கிடையாது. இங்கிலாந்தின் பாடசாலைகளில் கற்பித்தல், கற்றல் பொறுப்புக்கென்று ஒரு கொடுப்பனவு உண்டு. அங்கேயும் நீண்ட காலமாக, பகுதிநேரத்துக்கு மாறியவருக்கு அந்தக் கொடுப்பனவு நேர விகிதப்படி வெட்டப்பட்டு, வேலை மட்டும் முழுதாகவே மிஞ்சியது. பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கேள்வி ஒன்றுதான்: குறைந்த நாளில் செய்யக்கூடிய அளவு பொறுப்புத்தானா இது?

முதலில் கணக்குப் போடுங்கள்

ஒரு நாளைக்கு 40 நிமிடப் பாடவேளை 8, வாரத்துக்கு 40. ஒருவர் 28 பாடவேளை எடுத்துவந்தார் என்று வைத்துக்கொள்வோம். 12 வெறும் பாடவேளை மிஞ்சும். கொப்பி திருத்துவது, பதில் வகுப்புக்குப் போவது, ஆய்வுகூடம் பார்ப்பது எல்லாம் அந்த 12இல் நடந்தன. இப்போது மூன்று நாள். மொத்தமே 24 பாடவேளை. அதிபர் நியாயமாகக் குறைத்து 18 தந்தாலும் மிஞ்சுவது 6. மற்ற ஆசிரியர்கள் வராத நாட்களில் நாளுக்கு ஒரு பதில் வகுப்பு என்றாலும் 3 போய்விடும். கையில் இருப்பது 3 பாடவேளை, அதாவது 120 நிமிடம்.

இப்போது பொறுப்புகளை நிமிடத்தில் எழுதிப் பாருங்கள். வாரத்துக்கு ஆறு செய்முறை நடக்கும் ஆய்வுகூடத்தில் ஒவ்வொன்றுக்கும் எடுத்துவைக்க 10 நிமிடம், கழுவி அடுக்க 10 நிமிடம் என்றால் அதுவே 120. கொப்பிக்கு நேரம் இல்லை. பாடநூல் அறைக்கும் இல்லை. இந்தத் தாளை அதிபரிடம் கொண்டுபோய்க் காட்டுவது, "எனக்கு வேலை கூட" என்று வாயால் சொல்வதை விடப் பல மடங்கு பலன் தரும். முறைப்பாட்டுக்கு ஆறுதல்தான் கிடைக்கும். எண்களைக் கண்டால் அதிபர் பட்டியலைத் திருத்த உட்காருவார்.

கணக்கு முடிந்ததும் ஒன்று கட்டாயம் செய்ய வேண்டும். வைத்திருக்கும் பொறுப்புக்கான பாடவேளையை நேரசூசியில் பெயர் போட்டு எழுதுவிக்க வேண்டும். "புதன் 5ஆம் பாடவேளை: ஆய்வுகூடம்" என்று எழுதியிருந்தால் பதில் வகுப்புப் போடுபவர் அதைத் தொடமாட்டார். வெறுமையாக இருக்கும் கட்டத்தை எவரும் நிரப்பிவிடுவார்கள்.

தினமும் ஓடும் பொறுப்புகள்

வகுப்பாசிரியர் பொறுப்பு, காலை உணவுத் திட்டம், ஒழுக்காற்று, மாணவ தலைவர்களை மேற்பார்ப்பது, வாயில் கடமை. இவை ஐந்து நாளும் ஓடுபவை. மூன்று நாள் ஆசிரியர் இவற்றை வைத்திருக்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இடாப்பை எடுத்துக்கொள்ளுங்கள். திங்கள் முதல் புதன் வரை ஒருவர் போடுகிறார், வியாழன், வெள்ளி பக்கத்து வகுப்பு ரீச்சர் போடுகிறார். ஒருவர் பிந்தி வந்த பிள்ளைக்கு வரவு கொடுப்பார், மற்றவர் கொடுக்கமாட்டார். மாதக் கடைசியில் கூட்டுத்தொகை பொருந்தாது. அது திருத்தக்கூடிய பிழை. திருத்த முடியாதது வேறு: பிள்ளை வராமல் விடுகிற ஒழுங்கு கண்ணில் படாது. பெரும்போக அறுவடைக் காலத்தில் வயலுக்குப் போகும் பெடியன், தகப்பன் கரைவலைக்குப் போன நாட்களில் வீட்டில் தம்பியைப் பார்க்கும் பெட்டை, இவர்கள் திடீரென்று ஒரேயடியாக நிற்பதில்லை. முதலில் வெள்ளி, பிறகு வியாழனும் வெள்ளியும், பிறகு கிழமையில் பாதி. முழு வாரத்தையும் ஒரே ஆள் பார்த்தால்தான் இது தெரியும். உயர்தர வகுப்பில் 80 வீத வரவு இல்லாவிட்டால் பாடசாலைப் பரீட்சார்த்தியாகத் தோற்றுவதிலேயே சிக்கல் வரும் என்பதால் அங்கே இடாப்பு இன்னும் கவனமாகப் போக வேண்டும்.

உணவுத் திட்டத்தில் தினமும் தலை எண்ணிக் கையொப்பமிட வேண்டும். வியாழன், வெள்ளி எண்ணிக்கைக்குத் திங்கட்கிழமை வந்து கையொப்பமிடுவது எவ்வளவு பழக்கமாக இருந்தாலும் பொய்யான உறுதிப்படுத்தல்தான். சமைக்கிற அம்மாவுக்கான கொடுப்பனவு அந்த எண்ணிக்கையில்தான் போகிறது. கணக்காய்வு வந்தால் முதலில் பார்ப்பது ஆசிரியர் வரவுப் பதிவையும் இந்தக் கையொப்பத்தையும் பக்கத்தில் வைத்துத்தான். பாடசாலையில் இல்லாத நாளின் பதிவில் ஒருபோதும் கையொப்பமிடாதீர்கள். நண்பர் கேட்டாலும், அதிபர் அவசரப்பட்டாலும்.

பிரசவ விடுமுறை முடிந்து வந்து 12.30க்குப் போகும் ரீச்சருக்கும் இதே பார்வை பொருந்தும். அவர் காலைக் கடமைகளை முழுதாக வைத்திருக்கலாம். கடைசிப் பாடவேளை, அறை பூட்டுவது, பஸ்ஸுக்குப் பிள்ளைகளை ஏற்றிவிடுவது போன்ற 1.30க்கு முடியும் எதையும் அவர் பெயரில் வைக்கக் கூடாது. விடுமுறைக்குப் போகும்போதே அது நீண்டது: முழுச் சம்பளத்தோடு 84 நாள், விரும்பினால் அரைச் சம்பளத்தோடு இன்னும் 84, சம்பளமின்றி மேலும் 84. அவ்வளவு காலத்துக்குப் "பார்த்துக்கொள்ளுங்கோ" என்று வாயால் விட்டுப்போகும் பொறுப்பு எதுவும் திரும்பி வரும்போது அதே நிலையில் இருக்காது.

திறப்பு யாரிடம், கையொப்பம் அவரிடம்

ஆய்வுகூடம், நூலகம், கணினி அறை, சங்கீத அறை, விளையாட்டு அறை, பாடநூல் களஞ்சியம். இவற்றில் வேலை நாளுக்கு நாள் கூடிக் குறையும். காவல் மட்டும் ஒருநாளும் குறையாது. இங்கே ஒரு விதியை மட்டும் விடாமல் பிடிக்க வேண்டும். திறப்பை வைத்திருப்பவரும் பொருட்பதிவேட்டில் கையொப்பமிட்டவரும் ஒருவராகவே இருக்க வேண்டும். மூன்று நாள் ஆசிரியர் பொறுப்பை வைத்துக்கொண்டு திறப்பை அலுவலகச் சுவரில் கொழுவிவிட்டுப் போனால், இரண்டு நாளும் அந்த அறை எல்லோருடையதும் ஆகும். பிறகு நுணுக்குக்காட்டியின் பொருள்வில்லை காணவில்லை என்றால் கடிதம் பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கே.

வைத்திருக்கத்தான் வேண்டும் என்றால், ஏனென்றால் சின்னப் பாடசாலையில் வேறு விஞ்ஞான ஆசிரியரே இல்லாமல் இருக்கலாம், அறையை இரண்டாகப் பிரியுங்கள். விலை கூடிய, ஆபத்தான பொருட்களை ஒரு அலுமாரியில் பூட்டித் திறப்பை நீங்கள் வைத்திருங்கள். செறிந்த அமிலங்கள், மதுசாரம், நுணுக்குக்காட்டி, இலத்திரன் தராசு, பல்மானி எல்லாம் அதற்குள். மற்ற நாட்களில் பாடம் எடுப்பவருக்குத் தேவையானதை ஒரு தட்டிலோ பிளாஸ்ரிக் கூடையிலோ எடுத்துவைத்து, உள்ளே என்ன எத்தனை என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்த ஆசிரியர் எடுக்கும்போது ஒரு கையொப்பம், திருப்பும்போது ஒரு கையொப்பம். உடைந்தால் உடைவுப் பதிவேட்டில் அன்றே எழுத வேண்டும். அடுத்த திங்கள் வரை விட்டால் சோதனைக் குழாய் 12 இருந்ததா 10 இருந்ததா என்று வாக்குவாதம்தான் வரும்.

கரைசல்களை நீங்கள் இருக்கும் நாளிலேயே தயாரித்து வைக்க வேண்டும். 0.1 மோல் செறிவுள்ள ஐதரோக்குளோரிக் அமிலம் 500 மில்லிலீற்றர் செய்ய, செறிந்த அமிலம் கிட்டத்தட்ட 4.2 மில்லிலீற்றர் போதும். முதலில் நீரை எடுத்து, அதற்குள் அமிலத்தை மெல்ல ஊற்ற வேண்டும், மாறிச் செய்யக் கூடாது. அதே செறிவில் சோடியம் ஐதரொட்சைட்டு 500 மில்லிலீற்றருக்கு 2 கிராம். இதைக் கண்ணாடி மூடி போட்ட போத்தலில் வைத்தால் சில நாளில் மூடி இறுகித் திறக்க முடியாமல் போகும். பிளாஸ்ரிக் போத்தலில் வையுங்கள். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சிச் செறிவும் குறையும் என்பதால் இரண்டு வாரத்துக்கு மேல் வைத்திருந்து நியமிப்புக்குப் பாவிக்க வேண்டாம். வெள்ளி நைத்திரேற்றுக்குக் கபில நிறப் போத்தல். ஒவ்வொரு போத்தலிலும் பெயர், செறிவு, தயாரித்த திகதி, உங்கள் ஒப்பம். பெயர் ஒட்டாத நிறமற்ற திரவம் ஒன்றுகூட மேசையில் இருக்கக் கூடாது. நீங்கள் இல்லாத நாளில் அதை மோந்து பார்த்து என்னவென்று கண்டுபிடிக்க முயல்வது ஒரு பிள்ளையாகத்தான் இருக்கும்.

செறிந்த அமிலத்திலிருந்து ஐதாக்குவதை உங்கள் நாட்களுக்கு வெளியே யாரையும் செய்யவிடாதீர்கள். உங்களுக்குப் பதிலாக நிற்பவர் சித்திரப் பாட ஆசிரியராகவோ சமய ஆசிரியராகவோ இருக்கலாம். அவர் நல்ல மனத்தோடு செய்யப் போய்த்தான் விபத்து வரும்.

மாரியில் இன்னொரு வேலை கூடும். கார்த்திகை தொடங்கித் தை வரை வன்னியில் அறைக்குள் ஈரம் நிற்கும். நுணுக்குக்காட்டி வில்லையில் பங்கசு பிடிக்கும். சிலிக்கா ஜெல் பொதியோடு மூடிய பெட்டியில் வைத்து, உங்கள் முதல் நாளில் ஒரு முறை திறந்து பாருங்கள். சிலிக்கா ஜெல் நிறம் மாறியிருந்தால் சூடாக்கி மீண்டும் பாவிக்கலாம். நூலகத்தில் எதிரி கறையான். இறாக்கையைச் சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி, கீழ்த்தட்டைத் தரையிலிருந்து உயர்த்தி வைத்தால் கறையான் மண் ஏறும் தடம் கண்ணுக்குத் தெரியும். சுவரோடு ஒட்டியிருந்தால் நான்கு நாள் பூட்டிய அறையில் ஒரு தட்டுப் புத்தகத்தின் முதுகு போய்விடும். வாரத்தில் மூன்று நாள் திறக்கும் அறைக்கு ஐந்து நாள் திறக்கும் அறையைவிடக் கூடுதல் கவனம் வேண்டும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

வன்னிக்கே உரிய ஒரு சிக்கலையும் இங்கே சொல்ல வேண்டும். 2008, 2009 இடப்பெயர்வில் பல பாடசாலைகளின் பொருட்பதிவேடுகளும் பொருட்களோடு சேர்ந்து போய்விட்டன. மீளத் திறந்த பிறகு தளபாடம், கணினி, விளையாட்டுச் சாமான், புத்தகம் என்று நிறுவனங்களும் புலம்பெயர்ந்த பழைய மாணவர்களும் கொடுத்தார்கள். நன்றியோடு படம் எடுத்தோம். பதிவேட்டில் ஏற்ற மறந்தோம். பற்றுச்சீட்டு இல்லாத நன்கொடைப் பொருளையும், கொடுத்தவர், திகதி, அண்ணளவான பெறுமதி எழுதி ஏற்றத்தான் வேண்டும். பதிவில் இல்லாத மடிக்கணினிக்கு நீங்கள் பொறுப்பா இல்லையா என்ற கேள்வி வந்தால் பதில் இரண்டு பக்கமும் உங்களுக்குப் பாதகமாகவே இருக்கும்: பொறுப்பு என்றால் ஏன் பதியவில்லை, இல்லை என்றால் ஏன் அறையில் வைத்திருந்தீர்கள். நாட்கள் குறைகிற வேளை இதைச் சரிசெய்வதற்கு நல்ல சந்தர்ப்பம். எப்படியும் எல்லாவற்றையும் எண்ணப் போகிறீர்கள்.

எண்ணிக் கையளித்தல்

கையளிப்பவர், ஏற்பவர், மூன்றாவதாக அதிபர் குறிக்கும் ஒருவர். மூவரும் அறைக்குள் நின்று, பதிவேட்டின் ஒவ்வொரு வரியையும் வாசித்து, பொருளைத் தொட்டு எண்ண வேண்டும். "புத்தகப்படி சரி" என்று கடைசிப் பக்கத்தில் ஒப்பமிடுவது கையளிப்பு ஆகாது. பதிவேட்டு எண், பொருள், பதிவுப்படி எத்தனை, கையில் எத்தனை, நல்லது, திருத்தக்கூடியது, கழிக்க வேண்டியது என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்துக்குப் பக்கம் எண் இட்டு, மூவரும் ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பம். மூன்று பிரதி: அலுவலகத்துக்கு ஒன்று, கையளிப்பவருக்கு ஒன்று, ஏற்பவருக்கு ஒன்று.

மகிந்தோதய ஆய்வுகூடம் (அரச திட்டத்தில் இடைநிலைப் பாடசாலைகளுக்குக் கட்டிக் கொடுத்த பெரிய ஆய்வுகூடம்) அளவு அறைக்கு ஒரு பின்னேரம் போதாது. தவணைப் பரீட்சை நாட்களில், படிப்பித்தல் இல்லாத வேளை வைத்தால் அவசரப்படாமல் எண்ணலாம். இணைப்புக் கடிதம் கிடைத்த அடுத்த திங்களே புதிய பாடசாலைக்குப் போகச் சொன்னாலும், கையளிப்புக்கு ஒரு திகதி குறித்துப் பாடசாலையின் சம்பவத் திரட்டில் (லொக் புத்தகத்தில்) பதிவித்துவிட்டுப் போங்கள்.

குறைவு கண்டால் அன்றே எழுதுங்கள். "பிறகு தேடிப் பார்ப்பம்" என்று விட்டால் அந்தக் குறைவு ஏற்றவரின் தலையில் விழும். அரச சொத்து இழப்புகளை அறிக்கையிடும் ஒழுங்கு நிதிப் பிரமாணம் 104இல் இருக்கிறது. அதிபருக்கு எழுத்தில் அறிவிப்பதோடு உங்கள் பங்கு தொடங்குகிறது. பழுதானவற்றை எறியக் கூடாது. உடைந்த கதிரையும் காலிப் பெட்டியும்கூட, வருடாந்தப் பொருட் கணக்கெடுப்பில் கழிக்கப்படும்வரை பதிவேட்டில் உயிரோடுதான் இருக்கும்.

திகதிக்கு ஓடும் பொறுப்புகள்

பாடநூல், பரீட்சைப் பிரிவு, இல்ல விளையாட்டுப் போட்டி, தமிழ்த் தினம், கண்காட்சி. இவை வருடம் முழுக்க நித்திரையாக இருந்து சில வாரங்களில் ஆளையே விழுங்குபவை. மூன்று நாள் ஆசிரியருக்குப் பொருத்தமானவையும் இவற்றில்தான் இருக்கின்றன.

பாடநூலை முழுதாக வைத்திருக்கலாம் என்பேன். அடுத்த வருடத் தேவையைக் கணக்கிட்டு அனுப்புவது, வந்த புத்தகத்தை எண்ணி ஏற்றுவது, விநியோகிப்பது, மீளப் பாவிக்கும் புத்தகத்தைத் திரும்ப எடுப்பது எல்லாம் திட்டமிட்டுச் செய்யக்கூடியவை. லொறி மட்டும் உங்கள் நாளில்தான் வரும் என்று சொல்ல முடியாது. ஆகவே இறக்கும் நாளில் பொதிகளின் எண்ணிக்கையை மட்டும் எண்ணி ஒப்பமிட ஒருவரை நியமித்து, பொதியை உடைத்துத் தலைப்புத் தலைப்பாக எண்ணும் வேலையை உங்கள் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் அடிக்கடி பிழைப்பது விடுகைப் பத்திரம். பிள்ளை வேறு பாடசாலைக்குப் போகும்போது நூலகம், பாடநூல், விளையாட்டு என்று பொறுப்பாசிரியர்கள் "நிலுவை இல்லை" என்று ஒப்பமிட வேண்டும். தகப்பன் கூலி வேலையை விட்டுவிட்டு வியாழக்கிழமை முழங்காவிலிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ பஸ் ஏறி வருவார். "சேர் இண்டைக்கு இல்லை, திங்கட்கிழமை வாங்கோ" என்று அனுப்பினால் அவருக்கு இரண்டு நாள் கூலி போய்விட்டது. உங்கள் நாட்கள் குறைந்ததற்கான விலையை அவர் கொடுக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை. யார் எந்தப் புத்தகம் தரவேண்டும் என்ற நிலுவைப் பட்டியலை வாராவாரம் அலுவலகத்தில் வைத்து, நீங்கள் இல்லாத நாளில் அதைப் பார்த்து ஒப்பமிட ஒருவருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுங்கள். எனக்கு இந்தப் பதிவிலேயே மிக முக்கியமான வரி இதுதான்.

பரீட்சைப் பிரிவைக் கொடுத்துவிடுங்கள். சாதாரண தர விண்ணப்பத்தில் ஒரு பிள்ளையின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதம், பாடசாலைச் சேர்வுப் பதிவில் இன்னொரு விதம் என்று இருக்கும். இடப்பெயர்வில் மூலப் பத்திரம் தொலைந்து பின்னர் பிரதி எடுத்த குடும்பங்களில் இது நிறைய. அடையாள அட்டை விண்ணப்பத்துக்கும் அதே பிரச்சினை. பெற்றோர், கிராம அலுவலர், பிரதேச செயலகம் என்று ஓடித் திருத்தி முடிவுத் திகதிக்குள் அனுப்ப வேண்டும். இரண்டு நாள் தாமதம் இங்கே தாங்காது. பாடசாலை மட்டக் கணிப்பீட்டுப் புள்ளிகளை உங்கள் பாடத்துக்கு நீங்களே போடுங்கள். எல்லாப் பாடத்தையும் சேகரித்து ஏற்றும் வேலை வேறு ஒருவருக்கு.

விளையாட்டில் இரண்டு பாடசாலைக்காரருக்குத் தனிச் சங்கடம் ஒன்று இருக்கிறது. இரண்டு பாடசாலையின் இல்லப் போட்டிகளும் முதலாம் தவணையில் ஒரே வாரத்தில் விழும். வலயப் போட்டியில் உங்கள் இரு பாடசாலைப் பிள்ளைகளும் ஒரே ஓட்டத்தில் நிற்பார்கள். ஒரே ஆள் இரண்டு அணிக்கும் பொறுப்பாக இருப்பது எவ்வளவு நேர்மையாகச் செய்தாலும் ஒரு பக்கத்துப் பெற்றோருக்குக் கசக்கும். ஒரு பாடசாலையில் பொறுப்பு, மற்றதில் பயிற்சி உதவி மட்டும் என்று தொடக்கத்திலேயே பிரித்துக்கொள்ளுங்கள். பின்னேரப் பயிற்சிக்குப் பொறுப்பு ஊரில் தங்கியிருக்கும் ஒருவரிடம் இருப்பது நல்லது. யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ கடைசி பஸ்ஸைப் பார்த்து ஓடுபவர் பெயரில் இருந்தால், 4 மணிக்குக் கால் சுளுக்கிய பிள்ளையோடு யார் நிற்பது? அம்புலன்ஸுக்கு 1990 என்று எல்லோருக்கும் தெரியும், கூட ஏறிப் போக ஒரு பெரியவர் வேண்டும். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கம் பொழுதுபட்டால் யானையும் இறங்கும். பயிற்சி முடியும் நேரத்தையும் பிள்ளைகள் கூட்டாகப் போகும் ஒழுங்கையும் அங்கே இருப்பவர்தான் பார்க்க முடியும்.

எந்த மூன்று நாள்?

பெரும்பாலும் திங்கள், செவ்வாய், புதன் இங்கே; வியாழன், வெள்ளி அங்கே என்று வரும். போக்குவரத்துக்கும் தங்குமிடத்துக்கும் அது லேசு. காவல் பொறுப்பு வைத்திருப்பவருக்கு அது நல்லதல்ல: புதன் 1.30 முதல் அடுத்த திங்கள் 7.30 வரை அறையை நீங்கள் பார்க்கமாட்டீர்கள். திங்கள், புதன், வெள்ளி என்று வைத்தால் இடைவெளி சிறிதாகும். இரண்டு பாடசாலையும் ஒரே பாதையில், பரந்தன் முல்லைத்தீவு வீதியில் விசுவமடுவும் புதுக்குடியிருப்பும் போல இருந்தால் இதைக் கேட்டுப் பாருங்கள். மாங்குளத்தில் இறங்கி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டிய தூரமென்றால் வற்புறுத்த வேண்டாம். அந்தக் களைப்பு வகுப்பில் தெரியும்.

கடிதத்தில் இருக்க வேண்டியவை

பொறுப்புகள் பற்றி அதிபரிடம் தனிக் கடிதம் கேளுங்கள். வலயத்திலிருந்து வரும் இணைப்புக் கடிதத்தில் நாட்களும் பாடமும்தான் இருக்கும். இந்தக் கடிதம் ஒரு பக்கம் போதும். எந்தத் திகதியிலிருந்து, எந்தெந்த நாட்கள், எந்தப் பொறுப்பு உங்களிடம் தொடர்கிறது, எது யாருக்குப் போகிறது, தொடரும் பொறுப்பில் நீங்கள் இல்லாத நாளில் யார் ஒப்பமிடுவார், அவசரத்தில் இரண்டாவது திறப்பு யாரிடம், எந்தத் தவணை முடிவில் இதை மீளப் பார்ப்பது. இரண்டாவது திறப்பு ஒட்டிய உறையில் அதிபரிடம் இருக்கட்டும். உறை உடைக்கப்பட்டால் திகதியும் காரணமும் உறையிலேயே எழுதப்பட வேண்டும். ஒரு பிரதி உங்கள் தனிப்பட்ட கோவைக்கு, ஒன்று இணைப்புப் பாடசாலை அதிபருக்கு. அவரும் தன் பட்டியலைப் போட இருப்பார். புதிதாக வந்தவருக்குக் கலைவிழாவும் நூலகமும் கொடுப்பது அவருக்கும் வழக்கம். இங்கே இருப்பது தெரிந்தால் அளவோடு கொடுப்பார். பின்னாளில் நேர்முகத் தேர்வில் என்னென்ன பொறுப்பு, எந்தக் காலம் என்று காட்டவும் இதே கடிதம் உதவும்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கப் பொருளாளராக இருந்து காசோலையில் ஒப்பமிடுபவர், நாட்கள் குறையும் அன்றே அதைப் பற்றிப் பேச வேண்டும். வெறும் காசோலைகளில் முன்கூட்டியே ஒப்பமிட்டு வைத்துவிட்டுப் போவது பலர் செய்யும் வசதி. செய்யவே கூடாது. பொதுச்சபையிலோ செயற்குழுவிலோ தீர்மானம் எடுத்து வங்கியில் பெயரை மாற்றுவிக்கச் சில வாரம் பிடிக்கும். அதுவரை கொடுப்பனவுகளை உங்கள் நாட்களில் வைத்துக்கொள்ளலாம்.

வட்ஸ்அப்பில் வரும் "ரீச்சர், மற்றத் திறப்பு எங்க?" என்ற செய்திகளுக்கு மற்றப் பாடசாலையின் பாடவேளைக்குள் பதில் போடாதீர்கள். இடைவேளையிலும் 1.30க்குப் பிறகும் பார்ப்பேன் என்று இரண்டு பக்கமும் சொல்லிவிடுங்கள். ஒரே கேள்வி இரண்டு முறை வந்தால், அதற்கான பதில் அறைக்குள் எழுதி ஒட்டப்படவில்லை என்று பொருள். அடுத்த வருகையில் ஒட்டுங்கள்.

இணைப்பு முடிந்து ஐந்து நாளும் திரும்பி வரும்போது பழைய பட்டியல் தானாகத் திரும்பக் கூடாது. இடையில் ஏற்றவர் அந்த நூலகத்தை நன்றாக நடத்திக்கொண்டிருக்கலாம், அவரிடமே இருக்கட்டும். திரும்ப எடுப்பதாக இருந்தால் மீண்டும் மூவர், மீண்டும் எண்ணுதல், புதிய திகதியிட்ட புதிய தாள். அவர் காலத்தில் வாங்கியவை தனிப் பக்கத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஒப்பமிடுங்கள்.